திருப்பூரிலிருந்து ஒருவர்

கரண்ட் போய்விட்டது. போகட்டும், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கிறேன், கறுத்துப்போன திரையில் என் முகம் தெரிகிறது, ஷேவ் செய்யாத முகம், நாற்பத்திரண்டு வயசுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தொங்கிப்போன முகம், மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே பால்காரரிடம் யாரோ, "மாசாந்திர ஷட்டவுன்யா, சாயங்காலந்தான் வரும், நேத்தே பேப்பர்ல போட்டிருந்தானே" என்கிறார்கள். சாயங்காலமா? பேப்பரில் போட்டிருந்தானாம். நான் பேப்பர் படித்துப் பல காலம் ஆகிறது, நான் படிப்பதெல்லாம் ஒரே ஒரு எண், என் வலைப்பதிவுக்கு இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்கிற எண், அதைப் படித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பது. திண்டுக்கல்லே இருட்டாகப் போகிறது என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, பாலிடெக்னிக் லேப் அசிஸ்டென்ட் பூமிநாதனுக்கு மட்டும் தெரியவில்லை. சரி, பதறாதே, உன்னிடம் போன் இருக்கிறது. கூப்பிடுகிறவர் கம்ப்யூட்டருக்கா கூப்பிடப்போகிறார், போனுக்குத்தானே. போனை எடுத்துப் பார்க்கிறேன். பேட்டரியில் ஒரே ஒரு கோடு நிற்கிறது. கம்ப்யூட்டருக்குப் போக இந்த அறையில் மீதி இருப்பது ஒரே ஒரு பிளக்பாயிண்ட், அதில் மோடத்தைச் செருகினால் சார்ஜரைச் செருக முடியாது, நான் எப்போதும் மோடத்தைத்தான் செருகுவேன். நேற்றும் அதைத்தான் செருகினேன். காலையில் எழுந்து, குளிக்காமல் கொள்ளாமல் உட்கார்ந்து, என் போன் நம்பரை உலகத்துக்கே தெரியும்படி எழுதிப் போட்டு, எந்த நேரமும் கூப்பிடுங்கள், கண்டிப்பாக எடுப்பேன் என்று சத்தியம் வேறு செய்துவிட்டு, செத்துக்கொண்டிருக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லாதே. அந்த வார்த்தையை இன்றைக்குச் சொல்லாதே.

அந்த வார்த்தையில் ஆரம்பித்ததுதான் எல்லாம். பேர் அரைவேக்காடு. என் வலைப்பதிவுக்கு நானே வைத்த பேர், என்னையும் எல்லோரும் அப்படியேதான் கூப்பிடுவார்கள், அரைவேக்காடு அண்ணே, அரைவேக்காடு சார். நகைச்சுவைப் பதிவர். லேபில் அலைவரிசைப் பெட்டியையும் ஒயரையும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறவன், இருபது வருஷமாக ஓரமாக நிற்கிறவன், நான் ஒரு வார்த்தை சொல்லி நாலு பேர் திரும்பிப் பார்த்தது இங்கேதான். முதல் மாதம் ஒரு நாளைக்கு ஏழு பேர். அதில் நாலு பேர் நான். அப்புறம் முப்பது, அறுபது, ஒருநாள் நூற்றிப் பத்து, அன்றைக்கு மனைவி வனஜாவை அழைத்துக்கொண்டு போய் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தேன், என்ன விசேஷம் என்று கேட்டவளிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாள். பதிவர்கள் சந்திப்பில் போய், "நமக்கு டெய்லி ஒரு ஐந்நூறு வந்துரும்" என்று சாதாரணமாகச் சொல்லுவேன். அவன் ஆயிரம் என்பான். இரண்டு பேருக்கும் தெரியும் இரண்டு பேரும் புளுகுகிறோம் என்று, ஆனாலும் கேட்டுக்கொள்வோம், எண்ணைக் குறைத்துச் சொன்ன பதிவன் இதுவரை பிறக்கவில்லை. எதற்கு இந்த எண் என்று வனஜா கேட்டாள் ஒருமுறை. எனக்கு ஞாபகம் வந்தது என் அக்கா கல்யாணத்தில் அப்பா கொல்லைப்பக்கம் போய் எச்சில் இலைகளை எண்ணிக்கொண்டு நின்றது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரிய இலையைத்தான் எண்ணுவார்கள், சமையல்காரர் ஒரு கணக்குச் சொல்வார், இலை ஒரு கணக்குச் சொல்லும். அன்றைக்குக் கட்டுக்கட்டாக இலை மீந்துபோனது. அப்பா மறுபடி முதலிலிருந்து எண்ணினார். குனிந்து, ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, இரண்டு இலை ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பிரித்துப் பிரித்து எண்ணினார். அந்தக் குச்சிதான் இப்போது என் கையில் இருக்கிறது.

எண் ஏறவேண்டும் என்றால் தலைப்பு வேண்டும். எழுதுவது எதுவாக இருந்தாலும் தலைப்பு ஆளை இழுக்க வேண்டும், இதுதான் எங்கள் தொழில் ரகசியம், எல்லோருடைய பதிவுகளையும் ஒரே பக்கத்தில் காட்டுகிற திரட்டியில் வரிசையாக நாற்பது பதிவுகள் ஓடும்போது தலைப்பைப் பார்த்துத்தானே கிளிக் செய்கிறான். வனஜா முதன்முதலாக ஓட்ஸ் உப்புமா செய்த அன்று ஒரு பதிவு போட்டேன், அதில் உப்புமாவும் மினிபஸ் படிக்கட்டும் என் மாமனாரின் அறிவுரையும் வரும், ஒன்றுமில்லாத பதிவு, தலைப்பு மட்டும் 'நிம்மதியாகச் சாவது எப்படி?'. பிய்த்துக்கொண்டு போனது. போட்ட வாரம் மட்டும் இல்லை, அதற்கப்புறமும் நிற்கவில்லை, தினமும் அந்தப் பதிவுக்கு மட்டும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், மொத்தக் கணக்கில் பாதி அந்த உப்புமாதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலத்தைத் தாண்டி நிற்கிற எழுத்து என்று நினைத்தேன், நிஜமாகவே அப்படி நினைத்தேன். யார் வந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், கூகுளில் என்ன தட்டித் தேடி வந்தார் என்று எல்லாவற்றையும் அந்தக் கணக்குப் பக்கம் காட்டும். என்ன தட்டினார்கள் என்கிற பக்கம் ஒரே கூத்தாக இருக்கும், பரோட்டா சால்னா வைப்பது எப்படி என்று தட்டினவன் என்னிடம் வந்திருப்பான், நடிகை பேரைத் தட்டினவன் என்னிடம் வந்திருப்பான், அதை வைத்தே இரண்டு பதிவு தேற்றியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் கணக்கைப் பார்க்கும்போது திருப்பூரிலிருந்து ஒருவர் அந்த உப்புமாப் பதிவில் அரைமணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறார். இரண்டு நிமிஷத்தில் படித்துமுடிக்கிற பதிவில் அரைமணி நேரம். "ஏ வனஜா, இங்க பாரு, ஒருத்தரு அரைமணி நேரமா படிச்சிருக்காரு" என்று கூப்பிட்டுக் காட்டினேன். "தூங்கிருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தார். அதே திருப்பூர், அதே பழைய கம்ப்யூட்டர், அதே அரைமணி. அதற்கு மறுநாளும். என்ன தட்டி வருகிறார் என்று அப்போதுதான் பார்த்தேன். என் தலைப்பைத்தான் தட்டியிருந்தார். கேள்விக்குறி இல்லாமல்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சும்மா தட்டியிருக்கலாம். தலைப்பைக் கேள்விப்பட்டுப் பதிவைத் தேடியிருக்கலாம், யாராவது நண்பர் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு நாள் தேடுவார், தினமும் தேடுவாரா? பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். தினமும் டீயா? வேறு பதிவர் எவனாவது என்னைக் கலாய்க்கச் செய்கிறானோ. அப்படியே இருக்கட்டும் சாமி, அப்படியே இருக்கட்டும், அவன் நன்றாக இருக்கட்டும். பிறகு கணக்கில் பின்னோக்கிப் போனேன், ஒரு வருஷம் பின்னோக்கி, அந்த உப்புமாவுக்கு வந்த ஆட்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தேன். சேலம், அதே வார்த்தைகள். நாகர்கோவில், அதே வார்த்தைகள். கோலாலம்பூர், விழுப்புரம், சென்னை, சென்னை, சென்னை. நான் இலை எண்ணிக்கொண்டிருந்தேன், இவர்கள் யாரும் சாப்பிட வந்தவர்களே இல்லை. கதவைத் தட்டியிருக்கிறார்கள், உள்ளே ஒருவன் உப்புமாவைப் பற்றி ஜோக் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி எங்கேயும் வரவில்லை என்று எந்தக் கணக்கு சொல்லும்? திருப்பூர் மட்டும்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு அது ஒரு பெண்ணாகத் தெரிகிறது, ஏனென்று தெரியாது, இருபது வயசுக்குள்ளே, இரட்டைப் பின்னல், பிளஸ் டூவில் ஒரு பாடம் போயிருக்கும், பிரவுசிங் சென்டரில் மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், படிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்த முகத்தோடுதான் ஒரு வாரம் தூங்கி எழுந்தேன்.

இன்றைக்குக் காலையில் உப்புமாவை அழித்தேன். ஒரு வரி விடாமல் அழித்தேன். தலைப்பை மட்டும் தொடவில்லை, தலைப்பை மாற்றினால் அந்த வார்த்தைகளைத் தட்டுகிற ஆள் வேறு எங்காவது போய்விடுவார், என்னிடமே வரட்டும். கீழே எழுதினேன்: திருப்பூரிலிருந்து தினமும் வருகிறவரே, நீங்கள் வருவது எனக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை, பெரிய ஆள் இல்லை. உங்கள் பேர் எனக்குத் தெரியாது. இந்த உதவி எண்ணில் கூப்பிட்டால் பேசுவார்கள், அது முடியாவிட்டால் எனக்குக் கூப்பிடுங்கள், இது என் நம்பர், எந்த நேரமும் எடுப்பேன். இவ்வளவுதான். நாலே நாலு வரி. முடித்தேன், வெளியிடு பட்டனை அழுத்தினேன், அதற்கப்புறம் இந்தக் கை, இந்தப் பாழாய்ப்போன கை, பழக்க தோஷத்தில் பக்கத்தில் இருக்கும் திரட்டிப் பட்டனையும் அழுத்திவிட்டது. ஆயிரம் தடவை அழுத்திய பட்டன், பதிவு போட்டால் அதையும் அழுத்துவது, சாப்பிட்டால் கை கழுவுகிற மாதிரி. புதுப் பதிவு என்று நினைத்துத் திரட்டி அதை முதல் பக்கத்தில் தூக்கி வைத்துவிட்டது. நிம்மதியாகச் சாவது எப்படி, எழுதியவர் அரைவேக்காடு, உள்ளே அவர் போன் நம்பர். அதைத் திரட்டியிலிருந்து எடுக்கலாம் என்று பார்ப்பதற்குள் முதல் பின்னூட்டம் விழுந்தது. முதலில் வருகிறவனுக்கு வடை என்பது எங்கள் வழக்கம், விளையாட்டு, யார் பதிவானாலும் முதல் பின்னூட்டக்காரன் வடை கேட்பான். "வடை எனக்கே" என்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கரண்ட் போனது. இப்போது அந்த நாலு வரிக்குக் கீழே வடை இருக்கிறது. அவள் வந்து பார்த்தால் வடையைப் பார்ப்பாள்.

போன் அடிக்கிறது. பாய்ந்து எடுக்கிறேன். "தல, சோடாபுட்டி பேசறேன்." ஈரோட்டுப் பதிவர், அவருடைய நிஜப் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. "தல, பின்னிட்டீங்க. அந்த ஓப்பனிங் லைன் இருக்கே, நீங்க வருவது எனக்குத் தெரியும்னு, புல்லரிச்சிருச்சு. இது புனைவா, அனுபவமா?" புனைவில்லை, போனை வையுங்கள், லைன் பிசியாக இருக்கக்கூடாது என்கிறேன். "அந்த போன் நம்பர் மேட்டர்தான் தல டாப்பு. எல்லாவனும் ட்ரை பண்ணிட்டு இருக்கான், நிஜமாவே எடுக்கறாரான்னு. இன்னைக்கு திரட்டியில மகுடம் உங்களுக்குத்தான், ஓட்டெல்லாம் எக்கச்சக்கமா விழுந்துட்டு இருக்கு. இன்னைக்கு மட்டும் ரெண்டாயிரம் தாண்டும் பாருங்க." ரெண்டாயிரம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என் உடம்பில் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது, ரெண்டாயிரமா என்று கேட்டது, வாயால் கேட்கவில்லை, உள்ளே கேட்டது. என்ன ஜென்மம் நான். "வைங்க" என்று கத்தினேன். வைத்துவிட்டேன். உடனே அடுத்தது. சிங்கப்பூர். "அரைவேக்காடு அண்ணன்தானே, சும்மா செக் பண்ணேன்ணே." அடுத்தது, பேசாமல் சிரிக்கிறான், பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். அடுத்தது ஒருவர் தன் பதிவுக்கும் ஒரு ஓட்டுப் போடச் சொல்கிறார், லிங்க் அனுப்பட்டுமா என்கிறார். நான் ஐந்து வருஷமாக வேண்டிக்கொண்ட கூட்டம் இன்றைக்கு வந்திருக்கிறது, வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரே ஒரு ஆள் உள்ளே வரமுடியாமல் நின்றுகொண்டிருக்கலாம். எடுக்காமலும் இருக்க முடியவில்லை, எந்த நம்பர் யார் என்று எப்படித் தெரியும், ஒவ்வொன்றும் அவளாக இருக்கலாம். எடுத்து, ஹலோ சொல்லி, அவள் இல்லையென்று தெரிந்து, வைத்து, எடுத்து. போன் ஒரு சின்னக் கீச்சுச் சத்தம் போடுகிறது. அந்த ஒரு கோடும் போய், பேட்டரிப் படம் இப்போது வெறும் கூடாகக் கண் சிமிட்டுகிறது.

வனஜா முறத்தில் கீரையை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். "என்னாங்க, பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க, யாரு அது விடாம கூப்புடுறது?" ஒன்றுமில்லை, உன் போனில் என் சிம்மைப் போட முடியுமா என்று கேட்கிறேன். "என் போனுல ஏதுங்க சிம்மு?" நிஜம்தான், அது கம்பெனியே நம்பரை உள்ளே வைத்துப் பூட்டிக் கொடுத்த போன், நான்தான் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிக் கொடுத்தேன். எதிர்வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அவர்கள் பழநிக்குப் போயிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கரண்ட் இருக்கலாம், போய் ஏதாவது கடையில் சார்ஜ் போடலாம், போகிற வழியில் அடித்தால், பஸ் இரைச்சலில் கேட்காமல் போனால், சார்ஜ் போட அணைத்து வைக்கச் சொன்னால். உட்கார்ந்திருக்கிறேன். வியர்வை முதுகில் இறங்குகிறது. திருப்பூர்க்காரி இன்றைக்கு வரவே இல்லை என்று வைத்துக்கொள், வராவிட்டால் என்ன அர்த்தம்? மனசு மாறிவிட்டது என்று அர்த்தம். அல்லது. வந்தால் என்ன அர்த்தம்? உயிரோடு இருக்கிறாள், ஆனால் இன்னும் அதையேதான் தேடுகிறாள். நாளைக்குக் கணக்கில் திருப்பூர் என்று இருந்தால் நான் சந்தோஷப்படுவேனா, அழுவேனா? ஒன்று என்று காட்டினாலும் பயம், சைபர் என்று காட்டினாலும் பயம், வாழ்க்கையில் இத்தனை எண் பார்த்திருக்கிறேன், எண்ணுக்குள்ளே இருக்கிற ஆள் மூச்சு விடுகிறாரா என்று ஒரு எண்ணும் எனக்குச் சொன்னதில்லை. திருப்பூருக்குப் பஸ் ஏறிப் போனால் என்ன? போய்? எந்த பிரவுசிங் சென்டர், எந்த மூலை, இரட்டைப் பின்னல் என்று யாரைக் கேட்பது? இரட்டைப் பின்னல் நானே போட்டுவிட்டதுதானே.

போன். புது நம்பர். ஹலோ என்கிறேன், என் குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்கிறது. அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு ஆண் குரல், என்னைவிட வயசு கூட இருக்கும், பின்னால் விர்ரென்று ஒரே இரைச்சல், பல பேர் இருக்கிற இடம். "சார், ஒரு நிமிஷம் பேசலாமுங்களா?" அடப்பாவி, எனக்குத் தெரியும் இந்த ஒரு நிமிஷம், தினமும் மத்தியானம் வருகிற ஒரு நிமிஷம்தான், லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா, பாலிசி வேண்டுமா. கண் சிமிட்டுகிற கூட்டைப் பார்க்கிறேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். யார்யா நீங்கள்லாம், மனுசன் உயிர் போற நேரத்துல. வைங்க போனை." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு, "சரிங்க சார். தொந்தரவு பண்ணிட்டனுங்க, மன்னிச்சுக்கங்க." வைத்துவிட்டார். அப்பாடா என்று நெற்றியைத் துடைக்கிறேன். துடைத்த கை அங்கேயே நிற்கிறது. லோன் விற்கிறவன் சரிங்க சார் என்று வைப்பானா? எவனாவது வைத்திருக்கிறானா இதுவரை? சார் சார் ஒரு நிமிஷம் சார் என்று காலைப் பிடிப்பானே தவிர, மன்னிச்சுக்கங்க என்று சொல்வானா? அந்த இரைச்சல். ஆபீஸ் இரைச்சல் இல்லை அது, பேச்சுச் சத்தமே இல்லை, மெஷின், வரிசையாகத் தையல் மெஷின் ஓடுகிற சத்தம், பனியன் கம்பெனி. பேசலாமுங்களா. பண்ணிட்டனுங்க. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, திருப்பூர்ப் பேச்சு. இரட்டைப் பின்னல் இல்லை. இரட்டைப் பின்னலே இல்லை, ஐயோ, வயசான மனுஷன், பொண்ணு பிள்ளை இருக்கிற மனுஷன், ஒரு நிமிஷம் கேட்டார், நான் கொடுக்கவில்லை. போனைத் தூக்குகிறேன், கடைசியாக வந்த நம்பரைத் தேடி அழுத்தப் போகிறேன், திரை ஒரு தடவை பளிச்சென்று எரிந்து, அதன் கம்பெனிப் பாட்டை அரைகுறையாகப் பாடி, அணைந்துவிட்டது.

அழுத்துகிறேன். அழுத்துகிறேன். ஒன்றுமில்லை. "வனஜா" என்று கத்தியிருக்கிறேன், கீரை முறம் கவிழ்ந்து கிடக்கிறது, அவள் என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள், "என்னாங்க, என்னாங்க ஆச்சு, நெஞ்சு வலிக்குதா?" சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறேன், உப்புமா, தலைப்பு, திருப்பூர், அரைமணி நேரம், நம்பர், வடை, கரகரக் குரல், மன்னிச்சுக்கங்க. பயத்தில் அழுகை வருகிறது, வெட்கமில்லாமல் அழுகிறேன். சிரிப்பாள் என்று ஐந்து வருஷமாக மனசில் இருந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தேன், அவள் சிரிக்கவில்லை. "நம்பரு உள்ளதான இருக்கு, பேட்டரியக் கழட்டுங்க" என்கிறாள். கழற்றித் தருகிறேன். அவள் சின்ன வயசில் ரேடியோ செல்லுக்குச் செய்ததுதான், எல்லா வீட்டிலும் செய்ததுதான், வெயிலில் வைத்தால் செத்த செல் கொஞ்ச நேரம் பாடும். செத்த என்று சொல்லாதே. மொட்டை வெயிலில் துணி துவைக்கிற கல்லின்மேல் அந்தச் சின்னப் பேட்டரியை வைத்துவிட்டு இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்திருக்கிறோம், கல் சுடுகிறது, காக்கா ஒன்று வந்து பார்க்கிறது. இவ்வளவு நேரத்தில் அவர் எங்கே போயிருப்பார். மெஷினுக்குப் போயிருப்பார். வேறு எங்கும் போயிருக்க மாட்டார், வேலை நேரம், மேஸ்திரி விடமாட்டான், விடாதே மேஸ்திரி, அவரை எழுந்திரிக்க விடாதே. "இப்ப பாருங்க" என்கிறாள் வனஜா. புடவைத் தலைப்பில் அதைத் தேய்தேய் என்று தேய்த்துத் தருகிறாள். போடுகிறேன். அழுத்துகிறேன். திரை வெளுக்கிறது. பாட்டுப் பாடித் தொலைக்கிறது, சீக்கிரம் பாடு, சீக்கிரம். அழைப்புகள், வந்தவை, மேலே முதலாவது. உரக்கப் படிக்கிறேன், ஒவ்வொரு எண்ணாக, அவள் தன் போனில் ஒவ்வொன்றாக அழுத்துகிறாள், கடைசி எண்ணைச் சொல்லும்போது திரை போய்விட்டது, ஏழா ஒன்றா, ஏழுதான், ஏழாகத்தான் பார்த்தேன். இவ்வளவு நாள் பார்த்த எண்ணில் எதையும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

போனை வாங்கிக் காதில் வைக்கிறேன், அந்தப் பக்கம் மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை, நின்றுவிட்டது. "மறுபடி போடுங்க" என்கிறாள். மறுபடி. காதில் ஒட்டிய போன் வியர்வையில் வழுக்குகிறது, எடுங்கள், தயவுசெய்து எடுங்கள், என்னைத் திட்டுவதற்காவது எடுங்கள். இரைச்சல் கேட்கிறது. மெஷின். "ஹலோ, யாருங்க?" அதே கரகரப்பு. நான்தான் என்கிறேன். நான்தான் என்றால் அவருக்கு என்ன தெரியும். பூமிநாதன் என்கிறேன், அதுவும் தெரியாது. அரைவேக்காடு என்கிறேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மெல்ல மெல்லக் குறைகிறது, நடந்து வெளியே வருகிறார் போலிருக்கிறது. "சார், நீங்க திருப்பிக் கூப்புடுவீங்கன்னு நெனைக்கலீங்க." வேறு யாரோ என்று நினைத்துத் திட்டிவிட்டேன் என்கிறேன். "பரவால்லீங்க. டீ டைம்ல பிரவுசிங் கடையில போயி பாத்தனுங்க, மாத்தி எழுதியிருந்தீங்க. அதுல இருந்து அடிச்சுட்டே இருந்தனுங்க, பிசி பிசின்னே வந்துச்சு. நெறையப் பேரு உங்களப் படிப்பாங்களாட்ட இருக்குது." அவரே மறுபடி கேட்கிறார், "எத்தன பேருங்க சார் படிக்கறாங்க?" வனஜா என் முகத்தையே பார்க்கிறாள். ரெண்டாயிரம் என்று சோடாபுட்டி சொன்னது ஞாபகம் வருகிறது. "ஒருத்தர்" என்கிறேன். பிறகு அவர், "நாந்தானுங்களா?" என்று கேட்கிறார், அந்தக் கரகரப்பு உடைந்துபோயிருக்கிறது. ஆமாம் என்கிறேன். நான் டாக்டர் இல்லை, பெரிய ஆள் இல்லை, ஒரு வாரமாக எழுதிப் பார்த்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்கிறேன். "இன்னும் இல்லீங்க." கொண்டு வந்திருக்கீங்களா? "கொண்டாந்திருக்கறனுங்க." அப்ப உக்காந்து சாப்பிடுங்க, நான் லைன்லயே இருக்கேன் என்கிறேன். வனஜா போனின் இன்னொரு பக்கம் தன் காதை ஒட்டிக்கொள்கிறாள். அங்கே ஏதோ ஒரு மரத்தடியிலோ சுவரோரத்திலோ அவர் உட்காருகிறார், மூச்சு வாங்குகிறது, பிறகு டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்கிறது.